இத்தா நாட்களின் கையெழுத்து

நியமனக் கடிதம் வந்த கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வாழ்த்தினார்கள், மீதிப்பேர் வயதைக் கணக்குப் பார்த்தார்கள். நாற்பத்தொன்பது வயதில் நிரந்தர ஆசிரியை. அறுபதில் ஓய்வு. பதினொரு வருடம் தொண்டராகப் படிப்பித்தாயிற்று, இனிப் பதினொரு வருடம் சம்பளத்துக்குப் படிப்பிக்கலாம். "சரிபாதி" என்று என் மனுசன் அந்தோனி எங்கள் ஊர்க் கீரிக் கரையெல்லாம் சொல்லித் திரிந்தார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாராம். கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். பாவம், அந்த மனுசனுக்கு விசயம் தெரியாது.

விசயம் இதுதான். அந்தக் கடிதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கு வந்திருக்க வேண்டும். எனக்கும் நசீறாவுக்கும். நசீறாவுக்கு வராமல் போனதற்குக் காரணம் நான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சுற்றி வளைத்தே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

தொண்டர் ஆசிரியை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னார்த் தீவுக்குள் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற ரீச்சர்மார், வந்த நாளிலிருந்தே மாற்றல் கேட்டு எழுதத் தொடங்குவார்கள். மாற்றல் கிடைத்ததும் போய்விடுவார்கள். பதிலுக்கு ஆள் வராது. வகுப்பில் பிள்ளைகள் கதிரையைத் தூக்கி அடிபடும். பள்ளிக்கூட அதிபர் ஊருக்குள் உயர்தரம் படித்த பெண் யார் இருக்கிறாள் என்று விசாரித்து, "புது ஆள் வரும் மட்டும் வாங்கோ பிள்ளை" என்பார். எனக்கு அந்தப் புது ஆள் வரப் பதினொரு வருடம் எடுத்தது. கடைசியில் வந்த புது ஆளும் நான்தான்.

சம்பளம் கிடையாது. பெற்றார் சேர்ந்து தருவது பஸ் காசுக்குத்தான் காணும். வேலை மட்டும் மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஒரு பிடி கூட. பிரசவ லீவில் போன ரீச்சரின் வகுப்பு, முழங்கால் வருத்தக்கார சேரின் வகுப்பு, விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுவது, கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குத் தேவதை வேடம் போடுகிற பிள்ளைகளுக்குச் செட்டை கட்டுவது, எல்லாவற்றுக்கும் "மெற்றில்டா ரீச்சர் பார்ப்பா" என்று ஒரே பதில். நானும் பார்த்தேன். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் பார்த்தேன்.

நசீறா எனக்கு இரண்டு வருடம் பிந்தி வந்தவள். தீவிலேயே இருக்கிற தாராபுரத்துக்காரி, என்னைவிட ஒன்பது வயது இளையவள். கணிதம் படிப்பிப்பாள். பிள்ளைகளுக்கு என்னிடம் பயம், அவளிடம் பாசம். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று இருக்கக்கூடாது. ஆனால் எரிச்சல் வேறு, பகை வேறு. ஒன்பது வருடம் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

நிரந்தர ஆசிரியர்களுக்கு அரசாங்கம் அச்சடித்த வரவு இடாப்பு இருந்தது. தொண்டர்களுக்கு ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி. அதில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, திகதி எழுதி, அதிபரின் கந்தோர் மேசையில் வைப்பது என் வேலை. நானும் நசீறாவும் அதில் ஒருவருக்குக் கீழ் ஒருவர் கையெழுத்து வைப்போம். அதை யாரும் பார்ப்பதில்லை. கூலியில்லாத வேலைக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, யாருக்கு நட்டம்? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. முதலில் வருகிறவள் மற்றவளுக்கும் சேர்த்துக் கையெழுத்தை வைத்துவிடுவாள். பஸ் பிந்தினால், பிள்ளைக்குக் காய்ச்சலென்றால், மழை வெள்ளம் வந்தால், கொப்பியில் இடைவெளி விழாது. எனக்கு நசீறாவின் கையெழுத்தும் அவளுக்கு என்னுடையதும் தண்ணீர் பட்ட பாடு.

மூன்று வருடத்துக்கு முந்திய பங்குனியில் அவளுடைய மனுசன் ஜவாஹிர் நெஞ்சுவலியில் விழுந்து மௌத்தானார். கருவாட்டு வியாபாரம் செய்தவர், நாற்பத்தாறு வயது, ஒரு நாளும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. நசீறா இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல், வெளி ஆண்கள் முகம் பார்க்காமல் இருப்பது அவர்கள் மார்க்கத்து ஒழுங்கு. பெண்கள் போய்ப் பார்க்கலாம். நான் கிழமைக்கு இரண்டு தடவை போனேன். தவணைப் பரீட்சை வந்தபோது கணித விடைத்தாள் கட்டை நானே பையில் தூக்கிக்கொண்டு போனேன். சுவரில் சாய்ந்து இருந்து முழுவதையும் திருத்தித் தந்தாள். சில தாள்களில் கண்ணீர் விழுந்து மை கரைந்திருந்தது. அந்தப் புள்ளிகளை நான் மேலால் எழுதித் தெளிவாக்கினேன்.

அவள் வேலை செய்கிறாள், வீட்டிலிருந்து செய்கிறாள், அவ்வளவுதானே வித்தியாசம் என்று எனக்குப் பட்டது. நியமனம் கொடுக்கும்போது சேவையில் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கழித்துவிடுவார்களென்று வேறு ஒரு கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. மனுசனைப் பறிகொடுத்தவள் வேலையையும் பறிகொடுக்க வேண்டுமா? ஒவ்வொரு காலையும் என் பெயருக்கு ஒன்று, அவள் பெயருக்கு ஒன்று. லீவு நாட்கள் போக எழுபத்தொரு கையெழுத்து. அவள் திரும்பி வந்தபோது அந்தக் கொப்பி முடிந்து புதுக் கொப்பி தொடங்கியிருந்தது. நான் செய்ததை அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று அல்ல, சொல்லுமளவுக்கு அது ஒரு விசயமாகத் தோன்றவில்லை.

போன வருடக் கடைசியில் தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்கப் போகிறோம், இந்த ஒரு தடவைக்கு வயதெல்லை ஐம்பது என்று அறிவித்தல் வந்தது. எனக்கு அதுதான் கடைசி பஸ். இருவரும் விண்ணப்பித்தோம். மூன்று வருட வரவுக் கொப்பிகளை அதிபர் உறுதிப்படுத்தித் தரவேண்டும். எங்கள் அதிபர் ஹுசைன் சேர் பக்கத்தைப் பார்க்காமலே முத்திரைச் சீலைக் குத்திக்கொண்டு போனார், நான் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்துக்கொண்டு போனேன். விதவைகளுக்கு மேலதிகப் புள்ளி இருக்கிறதென்று யாரோ சொல்ல, நசீறா ஜவாஹிரின் மரணச் சான்றிதழையும் விண்ணப்பக் கோவையில் சேர்த்தாள். நல்லது, அதையும் சேர்த்து வை என்று சொன்னவளும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் நேர்முகம். பெயர் வரிசைப்படி நசீறா முதலில், அடுத்தது நான். வெக்கைக்காகக் கதவைத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். வெளியே கதிரையில் இருந்த எனக்கு உள்ளே கதைப்பது கேட்டது. மூன்று பேர் இருந்தார்கள். கேள்வி கேட்டவ ஒரு வயதான மேடம்.

"உங்கட கணவர் காலமானது பங்குனி பதினொண்டு. சரிதானே?"

"ஓம் மேடம்."

"பன்ரெண்டாந் திகதி நீங்கள் பள்ளிக்கூடம் வந்து கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள்."

பன்னிரண்டாம் திகதி காலையில் இரண்டு கையெழுத்தையும் வைத்துவிட்டுத்தான் நான் மௌத்து வீட்டுக்கே போனேன்.

"அண்டையில இருந்து இத்தாக் காலம் முழுக்க ஒரு நாள் தவறாமல் எழுபத்தொரு கையெழுத்து இருக்கு. நீங்கள் இத்தா இருக்கேல்லையா?"

"இருந்தனான் மேடம். நாலு மாசம் பத்து நாள்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"என்ர இல்லை, மேடம்."

"ஆர் வைச்சது?"

கொப்பியின் தாள் புரளுகிற சத்தம் கேட்டது.

"தெரியாது மேடம்."

அந்த மேடம் ஏசவில்லை. உண்மையில் கவலைப்பட்டுத்தான் சொன்னா. "இத்தாவுக்கு லீவு இருக்குது, பிள்ளை. அதிபர் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நாளெல்லாத்தையும் சேவைக்குள்ளதான் எடுத்திருப்பம். இடத்தை வெறுமையா விட்டிருந்தால்கூடப் பிரச்சினையில்லை, இப்ப ஒரு கடிதம் எடுத்திருக்கலாம். ஆனால் இது கள்ளக் கையெழுத்தெல்லோ. வைச்ச ஆள் ஆரெண்டும் தெரியாதெண்டால் நான் என்னத்தை எழுத?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. நான் ஒன்றும் செய்யாமல் என் வேலையைப் பார்த்திருந்தால் அவள் தப்பியிருப்பாள். அந்த இடத்திலேயே எழும்பி உள்ளே போய் "நான்தான்" என்று சொல்ல நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே நசீறா வெளியே வந்தாள், என் பெயரைக் கூப்பிட்டார்கள், அவள் நான் எழும்பிய கதிரையில் இருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

என்னிடம் சான்றிதழ்களைப் பார்த்தார்கள். பதினொரு வருடமா என்று ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர் என் புள்ளியைக் கூட்டிவிட்டுத் தலையாட்டினார். எல்லாம் நல்லபடி முடிகிற நேரத்தில் மேடம் அந்தக் கொப்பியை என் பக்கம் திருப்பினா.

"ஒரே பள்ளிக்கூடம், ஒரே மேசை. இந்தக் கையெழுத்தை ஆர் வைச்சதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது, மேடம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. வகுப்பில் அட்டவணை சொல்லிக் கொடுக்கிற குரல். அதோடு விட்டேனா? "கொப்பி மேசையிலதான் கிடக்கும். ஆரும் எடுக்கலாம்" என்று கேளாத பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நசீறா சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தாள். புட்டும் மீன் பொரியலும். "சாப்பிடுங்கோ ரீச்சர், விடியத்தொட்டு ஒண்டும் தின்னேல்லையே" என்று பாதியை என் மடியில் வைத்தாள். வேறு ஒன்றும் பேசவில்லை. நான் தின்றேன். ஒரு பிடி புட்டுக்குக் கூட நன்றி இல்லாத வயிறு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வழி முழுக்க எனக்கு ஒரே யோசனைதான்: உள்ளே மின்விசிறி ஓடிய சத்தத்தில் நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்காது, கேட்டிருக்காது என்று மன்னார்ப் பாலம் வரைக்கும் செபமாலை உருட்டுவதுபோல உருட்டினேன்.

கடிதங்கள் ஒரே கிழமையில் வந்தன. எனக்கு நியமனம், அதே பள்ளிக்கூடத்துக்கு. அவளுக்கு, வரவுப் பதிவில் முறைகேடு காரணமாக விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, முப்பது நாட்களுக்குள் தகுந்த ஆதாரத்துடன் மேன்முறையீடு செய்யலாம் என்று. தகுந்த ஆதாரம் என்றால் அது நான் ஒருத்திதான். நான் போய்ச் சொன்னால் அவளுக்கு வேலை கிடைக்கும். எனக்குப் போகும். இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை.

நான் கடமையேற்ற நாளில் நசீறா வட்டிலப்பம் செய்துகொண்டு வந்தாள். எல்லோரும் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டார்கள். அச்சடித்த இடாப்பில் நான் முதல் கையெழுத்தை வைக்கும்போது பக்கத்தில் நின்று, "மாஷா அல்லாஹ், இண்டைக்காவது கிடைச்சுதே ரீச்சர்" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தைத் தேடினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதைத்தான். சீ.ஆர். கொப்பியையும் அடிமட்டத்தையும் அவளிடம் ஒப்படைத்தேன். இனி அதில் அவள் ஒருத்தி பெயர்தான்.

கடிதம் வந்து பத்தாம் நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குக் கோயிலில் அல்ல. எங்கள் சுவாமிக்கு என் குரல் தெரியும். பஸ் ஏறி வங்காலைக்குப் போனேன்.

"சுவாமி, ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

"அதால ஆருக்கும் பாதிப்போ?"

"கொஞ்சம், சுவாமி."

கொஞ்சமாம்! மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். மீன் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று பஸ்ஸில் திரும்பி வந்தது அதைவிடப் பெரிய அபராதம். கடவுளிடமே நிறுவையில் விரலை வைத்தவள் நான். அவர் அதை மன்னித்திருப்பார் என்று நானே நம்பவில்லை.

இருபதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு ஹுசைன் சேரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. எழும்பிப் போய்க் கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரீச்சர், அந்தக் கொப்பியில ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ என்ர சீல் இருக்குது. நீங்கள் போனால் நானும் சேர்ந்து போகவேணும். எனக்குப் பென்சனுக்கு இன்னும் பதினாலு மாசம்தான்."

"அப்ப நசீறா, சேர்?"

"அவவுக்கு வயசு இருக்குத்தானே. அடுத்த முறை பார்ப்பம். நீங்கள் ஒண்டையும் கிளறாதைங்கோ."

அடுத்த முறை எப்போது வருமென்று பதினொரு வருடம் காத்திருந்தவளுக்குத் தெரியாதா? எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சும்மாவே கோபம் வருகிற ஆள் நான், பலகையில் எழுதுகிற வெண்கட்டி முறிந்தாலே பத்து வார்த்தை ஏசுவேன். அன்றைக்கு வரவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. கால் கழுவிப் படுத்துத் தூங்கலாம் போல ஓர் ஆறுதல். அவர் தடுப்பாரென்று தெரிந்துதான் அவரிடம் போனேன். சொல்ல வேண்டிய இடம் அவரல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மீதிப் பத்து நாளும் ஒவ்வொரு இடைவேளைக்கும் நசீறா என் மேசைக்கு எதிரே வந்து இருந்தாள். நான் கொப்பி திருத்தினேன். திருத்த ஒன்றும் இல்லாவிட்டால் திருத்திய கொப்பியையே மறுபடி திருத்தினேன். முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று முழுக்கத் தலையிடி. நாலேகால் மணிக்குக் கந்தோர்களெல்லாம் பூட்டியிருப்பார்கள் என்று நினைத்த உடனே அந்தத் தலையிடி நின்றது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, உள்ளபடி சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தாராபுரத்துக்குப் போனேன். சனிக்கிழமை முழுக்க யோசித்து எடுத்த முடிவு. இனிப் பொறுக்க ஏலாது, அவளிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஒரு தைரியம் எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்து வந்ததென்று அவள் பிறகு சொன்னாள்.

அவளுடைய மகள் நிஸ்லா கதவைத் திறந்தாள். தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கதிரை நுனியில் இருந்தேன்.

"நசீறா, அந்த எழுபத்தொரு கையெழுத்தும் நான் வைச்சது."

"தெரியும் ரீச்சர். என்ர பேரை என்னை விட வடிவா எழுத வேற ஆருக்குத் தெரியும்? கொப்பியை விரிச்ச உடனே கண்டிட்டன்."

"அப்ப ஏன் அந்த மேடத்திட்ட சொல்லேல்லை?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு நினைச்சன்."

அவளே தொடர்ந்தாள்.

"நான் சொன்னா அது கோள் சொன்னமாதிரி. அடுத்து உங்களைத்தான் கூப்பிடுவாங்க எண்டு தெரியும். நீங்களே போய், 'அவள் இத்தா இருந்தாள், நான் இரக்கப்பட்டு வைச்சன்' எண்டு சொன்னா, அந்த மேடம் நல்ல ஆள், ரெண்டு பேருக்கும் ஒரு வழி பார்ப்பா எண்டு நினைச்சன். உங்களுக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டு வெளியில கதிரையில இருந்து ஓதிக்கொண்டு இருந்தன்." தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "கதவு திறந்துதான் கிடந்தது ரீச்சர். அந்த மேடம் கேட்டதும் கேட்டது. நீங்க சொன்னதும் கேட்டது."

அவள் கத்தியிருக்கலாம். என்னைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம். எனக்கு அது லேசாக இருந்திருக்கும்.

"மேன்முறையீடு எழுதினனீயா?"

"இல்லை. எழுதினா உங்கட பேரை எழுதவேணும். நீங்களா வந்து சொல்லுற மட்டும் பார்ப்பம் எண்டு ஒவ்வொரு நாளும் இண்டர்வலுக்கு உங்கட மேசைக்கு வந்தன். நீங்க கொப்பியை விட்டுத் தலையை நிமித்தேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதுக் கிழவி, பூசைக்கு உடுத்த சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கொள், நசீறா" என்றேன். கையைப் பிடித்தேன். அவள் கையை இழுக்கவில்லை, பிடிக்கவும் இல்லை.

"மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் எப்பவெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவ்வளவு சுலபமாக வந்தது.

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

"இண்டைக்கு ஞாயிறு." அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "அதுதானே ரீச்சர் இண்டைக்கு வந்தனீங்க?"

நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வராத தைரியம் ஞாயிற்றுக்கிழமை ஏன் வந்தது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

அவளே சொன்னாள். "கையெழுத்து வைச்சது என்ர மேல இருந்த இரக்கத்தில. அதை நான் அண்டைக்கே பொறுத்திட்டன். அல்லாஹ்வுக்குத் தெரியும். மற்றதைப் பொறுக்க எனக்கு உரிமையில்லை, ரீச்சர். அது எனக்குச் சொன்ன பொய் இல்லை, அங்க சொன்னது. அங்க போய்ச் சொல்லிட்டு வாங்கோ. பிறகு கேளுங்கோ, பொறுக்கிறன்."

"இனிப் போய்ச் சொல்லி என்ன பிரயோசனம், நசீறா?"

"பிரயோசனம் இருந்த முப்பது நாளும் நீங்க வரேல்லையே."

வாசற் படலை வரைக்கும் வந்து வழியனுப்பினாள். திங்கட்கிழமை தரம் ஐந்துக்கு ஆள் இல்லை, முதலாம் பாடத்தைத் தான் எடுப்பதாகச் சொன்னாள். நான் சரி என்றேன்.

அன்று பின்னேரமே மேசையில் இருந்து அந்த மேடத்துக்குக் கடிதம் எழுதினேன். என்ன எழுதுகிறாய் என்று அந்தோனி கேட்டார். பள்ளிக்கூட அலுவல் என்றேன். அவர் வெளிச்சத்தை எனக்கு வாகாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அழகாக, ஒரு வெட்டும் இல்லாமல் எழுதினேன். பங்குனி பன்னிரண்டிலிருந்து எழுபத்தொரு நாளும் நசீறாவின் இடத்தில் கையெழுத்து வைத்தது நான், அவளுக்கு அது தெரியாது, நேர்முகத்தில் நான் சொன்னது பொய், இதில் பிழை என் ஒருத்தியுடையது. நாலே வரி. அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

அதெல்லாம் நடந்து மூன்று கிழமை. காலையில் பள்ளிக்கூடத்தில் நசீறா என்னைக் கண்டால் சிரிக்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. போன மாதச் சம்பளம் வங்கிக்கு வந்தது, அந்தோனி எனக்கு ஒரு கைப்பை வாங்கித் தந்தார், கடிதத்தை அதற்குள் வைத்திருக்கிறேன். உறையில் முகவரி எழுதி முத்திரையும் ஒட்டியாயிற்று. உள்ளே என் பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கிறது. திகதியை மூன்று தடவை வெட்டி மாற்றிவிட்டேன். கீழே கையெழுத்து இன்னும் வைக்கவில்லை.